மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு என்றால் என்ன?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு, தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டைத் தனியாக வைப்பதே இது. 2020இல் சட்டமானது.

காரணம் எளிது. நீட் வந்தபின் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் முந்தினார்கள். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், பின்தங்கியது. நீதிபதி கலையரசன் குழு இதை ஆராய்ந்து பரிந்துரை தந்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது.

செல்லூர் தறியில் பாவு நெடுக்காக ஓடும், ஊடை குறுக்காகப் பாயும். ஊடை புகுந்ததால் சேலையின் அகலம் கூடுவதில்லை. 69 விழுக்காடு சாதிவாரி ஒதுக்கீடு பாவு என்றால், 7.5 ஊடை. மாநிலத்திடம் 1000 இடங்கள் என்று வையுங்கள். அதில் 75 அரசுப் பள்ளிக்கு. அந்த 75க்குள்ளும் பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1 விழுக்காடு என்றே பிரியும், மீதி பொதுப்பிரிவு.

மதுரை மருத்துவக் கல்லூரியில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 விழுக்காட்டை இது தொடாது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் இதில் இடமில்லை; அங்கும் ஏழைப் பிள்ளைகளே அதிகம் என்பதால் எனக்கு இது உறுத்தல்தான்.

69உடன் 7.5ஐக் கூட்டி “76.5 ஆகிவிட்டது” என்று பலர் சொல்வது தவறு: மொத்தம் 69தான்.