கேசட் காலத்து கலாகாவை இப்போது எங்கே வாங்குவது?

கேள்வி: தொண்ணூறுகளில் டிவியில் கேசட் சொருகி கலாகா, கேலக்ஸியன் என்று விளையாடி வளர்ந்தவன். இப்போது கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தேடினால் பழைய விண்வெளி கேம்களின் புதுப் பதிப்புகள் வரிசைகட்டி நிற்கின்றன. போன வாரம் ஒன்றை வாங்கினேன். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், காதைப் பிளக்கும் இசை, ஆனால் பழைய சுகம் இல்லை. எதைத்தான் வாங்குவது? வாங்கியதைத் திருப்பித் தர முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குக் கெடு இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். காரணம் 'பிடிக்கவில்லை' என்றிருந்தாலே போதும். போன வாரம்தானே வாங்கினீர்கள், இன்றே கேட்டுவிடுங்கள். மற்ற கடைகளில் இந்தத் தாராளம் கிடையாது. பிளேஸ்டேஷனில் டவுன்லோட் தொடங்கிவிட்டால் பொதுவாகப் பணம் வராது. நின்டெண்டோ கடையில் விற்றது விற்றதுதான்.

சரி, எதை வாங்குவது? 'ரீமேக்' என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு சரக்கு இருக்கிறது. முதல் வகை, பழைய கேமை அப்படியே ஓட்டித் தருவது. ஹாம்ஸ்டர் நிறுவனத்தின் ஆர்கேட் ஆர்கைவ்ஸ் வரிசை இப்படி. இரண்டாவது, உள்ளே இருப்பதைத் தொடாமல் வெளியே வெள்ளையடிப்பது. 2018-இல் வந்த ஆர்-டைப் டைமென்ஷன்ஸ் இஎக்ஸ் நல்ல உதாரணம்: ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பட்டனைத் தட்டினால் 1987-இன் தட்டைப் படம் முப்பரிமாணமாகிவிடும், மறுபடி தட்டினால் பழையபடி. எதிரி வரும் வழியோ குண்டின் வேகமோ மாறாது. மூன்றாவது, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கேமே செய்வது. 2008-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீமில் இசைத் தாளமும் எதிரிகளின் நிறமும் சேர்ந்தே ஆட்டம்; ஒரே நிறத்தில் நான்கைத் தொடர்ந்து வீழ்த்தினால் சிறப்பு ஆயுதம் கிடைக்கும். நல்ல கேம்தான், ஆனால் பழைய ஞாபகத்தோடு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்களிடம் சிக்கியது இந்த மூன்றாவது வகை என்று நினைக்கிறேன்.

பழைய சுகம் எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். 1978-இல் டைட்டோ நிறுவனத்தின் டொமோஹிரோ நிஷிகாடோ ஸ்பேஸ் இன்வேடர்ஸ் செய்தபோது, அந்தச் சிப்பால் திரை நிறைய எதிரிகளை வேகமாக வரைய முடியவில்லை. நாம் சுடச்சுட எண்ணிக்கை குறையும், மிஞ்சியவை வேகமெடுக்கும். கடைசி ஒன்று திரையில் தறிகெட்டு ஓடும். இயந்திரத்தின் அந்த இயலாமையை அவர் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். நம் நெஞ்சை அடிக்க வைத்ததே அதுதான். இந்த வேகமெடுப்பைக் கைவிட்ட பதிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இன்னொரு விஷயம். கேசட்டில் நீங்கள் ஆடியது 1981-இல் ஆர்கேடுக்கு, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிக்கு, வந்த கலாகாவே அல்ல. நாம்கோ நிறுவனம் அதை ஃபேமிகாம் என்ற வீட்டுக் கருவிக்காக 1985-இல் மாற்றிச் செய்த பதிப்பு. நம் ஊரில் ஓடிய டிவி கேம்கள் பெரும்பாலும் அந்தக் கருவியின் நகல்கள்தாம். அதனால் 'அசல் ஆர்கேட்' என்று போட்டதை வாங்கினாலும் உங்களுக்கு ஏதோ இடிக்கும். 2020-இல் வந்த நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் என்ற தொகுப்பில் அந்த ஃபேமிகாம் பதிப்புகளே இருக்கின்றன. இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் 11 கேம். கேலக்ஸியன் முதல் பாகத்தில், கலாகா இரண்டாவதில். ஒன்றுதான் வாங்குவதென்றால் இரண்டாவதை வாங்குங்கள், ஏனென்றால் பேட்டில் சிட்டியும் அதில்தான் இருக்கிறது. ஆமாம், அண்ணன் தம்பி சேர்ந்து கழுகைக் காப்பாற்றிய அதே டாங்கி கேம்.

கேள்வி: ஆர்கேட் கலாகா வாங்கி 43 அங்குல டிவியில் போட்டேன். நடுவில் மட்டும் படம், இரண்டு பக்கமும் கறுப்பு. பட்டனை அழுத்தினால் குண்டு தாமதமாகக் கிளம்புகிறது. கேமில் கோளாறா?

பதில்: இல்லை. அந்த ஆர்கேட் பெட்டிகளில் திரையை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். அகலத் திரையில் உயரம் முழுக்கப் படம் வந்தால் அகலத்தில் பாதிகூட நிறையாது. கறுப்புப் பட்டை வேண்டாமென்று இழுத்துவிட்டால் விண்கலம் சப்பையாகிவிடும். கணினி மானிட்டரைத் திருப்பி வைக்கும் வசதி இருந்தால் அதில் ஆடிப் பாருங்கள், சொர்க்கம்.

தாமதத்துக்குக் காரணம் டிவி. படத்தை மெருகேற்றிக் காட்ட அது எடுத்துக்கொள்ளும் நேரம் சினிமாவில் தெரியாது, இங்கே உயிரை வாங்கும். செட்டிங்ஸில் 'கேம் மோட்' இருக்கும், போடுங்கள். அப்புறம் கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் விடாமல் வயரில் இணைத்துப் பாருங்கள். புது டிவி வாங்கும் யோசனையை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: டிவியில் சொருகும் சிறு குச்சி, பத்தாயிரம் கேம், இரண்டு வயர்லெஸ் கன்ட்ரோலர் என்று ஆன்லைனில் விற்கிறார்களே?

பதில்: நானும் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். பத்தாயிரம் என்றது ஒரே கேம் ஐந்தாறு பெயரில் வரும் கணக்கு. மூன்றாம் மாதம் மெமரி கார்டு போனது, கேம்களும் அதோடு போயின. உரிமம் வாங்கிப் போட்ட கேம்கள் என்று நம்ப ஒரு சான்றும் பெட்டியில் இல்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், பழுது என்றால், விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். பில்லும், பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் கையில் இருக்கட்டும்.