கேமராவைக் கண்டதும் குரல் அடைத்துக்கொள்கிறதே, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 41. மதுரையில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலையைத் திருமணத்துக்கு முன்பிருந்தே செய்து வருகிறேன். நேரடியாக விற்கலாம் என்று மகள் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். சேலைப் படங்களை மட்டும் போடுகிறோம். பார்ப்பவர்கள், “இது பிரிண்டா, கையால் முடிச்சுப் போட்டதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். “நீயே பேசி வீடியோ போடும்மா” என்கிறாள் மகள். போனை எதிரில் வைத்தாலே குரல் அடைத்துக்கொள்கிறது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் என் முகமும் குரலும் எனக்கே பிடிக்கவில்லை. சொந்தபந்தங்கள் பார்த்துச் சிரிப்பார்களோ, யாராவது படத்தை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துவார்களோ என்ற பயமும் இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு பயங்கள் ஒன்றாகக் கலந்து வந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு என்பது தெளிவாகும்.

முகமும் குரலும் பிடிக்கவில்லை என்பது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நேர்வதுதான். அதற்குக் காரணமும் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் வழியாகவும் நம் உட்காதை அடைகிறது. எலும்பு வழியே தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கடத்தப்படுவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லாததால் மெலிந்து அந்நியமாகத் தோன்றுகிறது. உங்கள் வீட்டாரும் வாடிக்கையாளர்களும் இத்தனை நாளும் கேட்டுப் பழகியது பதிவில் உள்ள அந்தக் குரலைத்தான். முகமும் அப்படித்தான். அமெரிக்காவில் 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களுக்குத் தங்கள் முகத்தின் கண்ணாடி பிம்பமே அதிகம் பிடித்திருந்தது. அவர்களுக்கு நெருங்கியவர்களோ நேரில் காணும் முகத்தையே விரும்பினார்கள். தினமும் எதைப் பார்த்துப் பழகினோமோ அதுவே அழகாகப் படுகிறது. இதைத் தவிர, போனை முகத்தருகே பிடித்துப் படமெடுத்தால் உருவமே மாறிவிடும். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில், ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எனவே போனைத் தள்ளி நிறுத்தி, பின்பக்கக் கேமராவில் எடுக்கச் சொல்லுங்கள். பேசும்போதே உங்களை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கடமும் அதில் இல்லை.

சொந்தபந்தங்களைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கூச்சம் தரும் படம் போட்ட பனியனை அணிந்துகொண்டு சக மாணவர்கள் இருந்த அறைக்குள் போனவர்கள், ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான். முன்பின் தெரியாத ஆயிரம் பேரை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் உறவினர்கள் விஷயத்தில் இதை மட்டும் சொல்லி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை, ஏனென்றால் அவர்கள் கவனிக்கத்தான் செய்வார்கள், நான்கு நாள் பேசவும் செய்வார்கள். அவர்களில் யாருடைய வார்த்தை உங்கள் வீட்டு நிம்மதியைப் பாதிக்குமோ, அந்த ஓரிருவரிடம் மட்டும் முதல் வீடியோவுக்கு முன்பே, “சேலை விற்பதற்காக இப்படிச் செய்யப்போகிறேன்” என்று நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். பிறர் சொல்லி அவர்கள் காதுக்குப் போவதில்தான் பெரும்பாலும் பிரச்சினை தொடங்குகிறது.

மூன்றாவது பயம் நியாயமானது. அதை மனக்கூச்சம் என்று யார் ஒதுக்கினாலும் நீங்கள் ஒதுக்க வேண்டாம். வியாபாரத்துக்கென்று தனி வாட்ஸ்அப் எண் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரி, பிள்ளைகளின் முகம், பள்ளிச் சீருடை ஆகியவை காட்சியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது படத்தைத் திரித்து வெளியிட்டால், பதறி உடனே அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பும் எடுத்து வையுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே புகார் செய்யுங்கள். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அத்தகைய படங்களை நீக்குவது அவர்கள் கடமை. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பிரிவும், பெயர் சொல்லாமல் புகார் அளிக்கும் வழியும் இருக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதும் வரிக்கு வருகிறேன். “பிரிண்டா, முடிச்சா?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான் உங்கள் முதல் வீடியோ. அதற்குப் பதில் சொல்ல உங்கள் முகம்கூடத் தேவையில்லை, கை போதும். நகத்தால் துணியைக் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றி இறுக்குவதைக் காட்டுங்கள். சாயம் ஏறிக் காய்ந்த துணியை இரு பக்கமும் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் அவிழ்ந்து புள்ளிகள் வெளிப்படுவதைக் காட்டுங்கள். அச்சடித்த புள்ளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் தட்டையாக இருக்கும். உங்கள் புள்ளி ஒன்றுக்கொன்று சற்று மாறியும், கட்டிய இடம் லேசாகப் புடைத்தும் இருக்கும். இதை இத்தனை ஆண்டு கைப்பழக்கம் உள்ள நீங்கள் சொல்வதுபோல் வேறு எவரும் சொல்ல முடியாது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மனப்பாடம் செய்து பேச வேண்டாம். மகள் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர் கேட்பதுபோல் கேட்கட்டும். நீங்கள் அவளுக்குப் பதில் சொல்லுங்கள். எடுத்ததை அன்றைக்கே பார்க்காமல் மறுநாள் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் ‘நெருங்கிய நண்பர்கள்’ என்ற பட்டியலில் நம்பிக்கையான சிலரை மட்டும் சேர்த்து, அவர்களுக்கு முதலில் ஸ்டோரியாகக் காட்டலாம். கை பழகியபின் தோள்வரை, பிறகு முகம் என்று உங்களுக்கு முடிந்த வேகத்தில் போங்கள். ஒவ்வொரு முறையும் பயந்து அழித்துவிட்டால் அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் பயம் அடுத்த முறைக்கு வளர்ந்து நிற்கும். படிப்படியாக எதிர்கொள்வதையே உளவியல் சிகிச்சையிலும் கையாள்கிறார்கள். கடைசிவரை முகம் காட்ட வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அது உங்கள் உரிமை. சேலைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பாடங்களை யூடியூபில் நடத்தத் தொடங்கினேன். ஒரு வீடியோவின் கீழ் ஒருவர் கணக்கில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டினார். இன்னொருவர் என் பேச்சைக் கேலி செய்தார். அதன் பிறகு வீடியோ போடவே மனம் வரவில்லை.
– ஒரு வாசகர், திருநெல்வேலி.

பதில்: ஐயா, அந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பிழையைச் சொன்னவர் பாடத்தை முழுவதும் கவனித்திருக்கிறார். வகுப்பில் எழுந்து நின்று கேட்கும் மாணவரைப் போலவே அவருக்கு நன்றி சொல்லுங்கள். யூடியூபில் ஏற்கெனவே ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் மாற்றி வைக்க முடியாது என்பதால், சரியான விடையை நீங்களே கருத்தாக எழுதி, அது முதலில் தெரியும்படி ‘பின்’ செய்துவிடுங்கள். கேலி செய்தவருக்குப் பதில் எழுத வேண்டாம். அவருடைய கருத்துகள் உங்கள் சேனலில் தெரியாதபடி மறைத்துவிடலாம். தடைசெய்யும் சொற்களின் பட்டியலும் அமைப்புகளில் இருக்கிறது; வசைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் மட்டுமல்லாமல், பலரும் தட்டச்சு செய்வதுபோல் ஆங்கில எழுத்திலும் அதில் சேர்த்துவிடுங்கள். சில வாரங்களுக்குக் கருத்துகளை வீட்டில் ஒருவர் முதலில் படித்து, பாடம் தொடர்பானவற்றை மட்டும் உங்களிடம் சொல்லட்டும். பிழை நேர்ந்த அதே கணக்கை அடுத்த வீடியோவாக எடுத்து, எந்தப் படியில் தவறு நேர்கிறது என்று நிறுத்திக் காட்டுங்கள். தேர்வில் அதே படியில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அது நேரடியாக உதவும்.