ஜெல் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 50 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. குப்பென்று உடம்பு கொதித்து வியர்ப்பதற்காக ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும் இரவில் 100 மி.கி. புரோஜெஸ்டிரோன் கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். ஐந்து வாரத்தில் லேசாக உதிரம் பட்டது. காலையில் தலையே தூக்க முடியவில்லை. கேப்ஸ்யூலை விட்டுவிட்டேன். புற்றுநோய் வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதால் ஜெல்லையும் விட்டுவிடலாமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: இரண்டையும் நிறுத்தியிருந்தால்கூட நான் இவ்வளவு பதறமாட்டேன். ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்க்கும். அதை அடக்கி வைப்பது புரோஜெஸ்டிரோன். கர்ப்பப்பை இருப்பவர் ஜெல்லை மட்டும் மாதக்கணக்கில் தடவினால் சவ்வு தடித்து, புற்றுநோய் வரைகூடப் போகலாம். சில நாள் விட்டதால் கெட்டுவிடாது. உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் செய்து சொல்லிவிட்டு, இன்றிரவே கேப்ஸ்யூலை மறுபடி தொடங்குங்கள்.

தூக்கக் கலக்கம் அந்த மருந்தின் குணம். சாப்பாட்டோடு விழுங்கினால் ரத்தத்தில் அதிகம் ஏறி, கலக்கமும் கூடும். எட்டு மணிக்குச் சாப்பிட்டால் பத்து மணிக்கு, படுக்கும்போது போடுங்கள். விடிகாலை டப்பா கட்ட எழுபவர் இன்னும் முன்னதாகச் சாப்பிட்டு, முன்னதாகப் படுப்பது நல்லது. அப்படியும் தாங்கவில்லையென்றால், அதே கேப்ஸ்யூலைப் பிறப்புறுப்பில் வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நிறுத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

முதல் மூன்று முதல் ஆறு மாதம் லேசாக உதிரம் படுவதும் மார்பு கனப்பதும் சகஜம். ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, நாப்கின் நனையும் அளவுக்குப் போனாலோ ஸ்கேன் எடுத்து சவ்வின் தடிப்பைப் பார்க்க வேண்டும்.

ஜெல்லில் நடக்கும் தவறு வேறு. மும்பைப் புழுக்கத்தில் குளித்த ஈரத்தோடு தடவி உடனே புடவை கட்டினால் பாதி துணியில்தான் போகும். நன்றாகத் துடைத்து, மேல்கையிலோ தொடையிலோ அகலமாகப் பரப்பி, ஃபேனுக்குக் கீழே ஐந்து நிமிடம் காயவிடுங்கள். மார்பில் தடவக் கூடாது. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தடவிய இடத்தில் ஒரு மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. குழந்தைகளின் தோலும் படக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பயம் 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. கொடுத்தது வேறு வகை ஹார்மோன் மாத்திரை. அதிலும் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது, 10,000 பெண்களுக்கு வருடத்துக்கு 8 பேருக்கு. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை; மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மேமோகிராமைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே மார்பகப் புற்றுநோயோ ரத்தக் குழாயில் ரத்த உறைவோ வந்திருந்தால் இந்தச் சிகிச்சையே வேறு கதை, உடனே சொல்லுங்கள்.

கொதிப்பு முழுதாக அடங்க மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஒரு நாளைக்கு எத்தனை முறை வியர்த்தது, எந்தத் தேதியில் உதிரம் பட்டது என்று காலண்டரில் குறித்து, மூன்றாம் மாதம் எடுத்துப் போங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.