உப்புநீர்த் தொட்டி மீன்களுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு தீனி போடலாம்?

சிட்டிகைக் கணக்கு எதுவும் எல்லாத் தொட்டிக்கும் பொருந்தாது. வடிகட்டிய நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்; இரண்டு நிமிடத்தில் தின்று தீர்ப்பதுதான் அளவு. கோமாளி மீனுக்கு நாளுக்கு இரண்டு வேளை போதும். ஓயாமல் நீந்தும் ஆந்தியாஸ் மீனுக்கு அன்றைய தீனியை நான்கைந்தாகப் பிரிக்க வேண்டும். உறைந்த மைசிஸ் (இறால் போன்ற சிற்றுயிர்) கட்டியை உருக்கி, வலையில் வடித்துப் போடுங்கள். அந்தக் கலங்கல் நீர் மீனின் வயிற்றுக்குப் போகாது, பாசிக்குத்தான் உரம்.

பிறகு மீனைப் பக்கவாட்டில் பாருங்கள். வயிறு லேசாக உருண்டிருந்தால் சரி. வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றியிருந்தால் தீனி போதவில்லை, அல்லது குடற்புழு இருக்கலாம்.

பாறை இடுக்கில் தங்கும் மிச்சம் அழுகி அம்மோனியாவாகி, கடைசியில் நைட்ரேட்டாகச் சேரும். நைட்ரேட் ஏறினால் முதலில் அந்த மிச்சத்தை உறிஞ்சி எடுங்கள். தயவுசெய்து ஒல்லியான மீனைப் பட்டினி போட்டு நீரைச் சரிசெய்யாதீர்கள்.