ஏழாம் மாத ஸ்கேனைப் பார்த்துப் பல்லைப் பிடுங்க வேண்டாம்

கேள்வி: மேல் வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல்லில் ஏழு மாதங்களுக்கு முன் வேர் நுனி அறுவை செய்துகொண்டேன். வலியோ வீக்கமோ இல்லை. ஆனால் சென்ற வாரம் எடுத்த முப்பரிமாண ஸ்கேன் அறிக்கையில், ‘வேர் நுனியில் எலும்புக் குறைவு, தொற்று நீடிக்கக்கூடும்’ என்றிருக்கிறது. பல்லை எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இப்போதைக்குக் காத்திருங்கள். அறுவையில் வேரின் நுனியை ஏறக்குறைய 3 மி.மீ. வெட்டி, நோயுற்ற திசுவைச் சுரண்டி எடுத்த பிறகு எலும்பில் ஒரு குழி மிஞ்சுகிறது. அதில் முதலில் இரத்தம் உறைந்து, இளந்திசு படர்ந்து, பிறகு குழியின் சுவர்களிலிருந்து எலும்பு உள்நோக்கி வளர வேண்டும். குழி பெரிதென்றால் இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஆகவே ஓராண்டுக்கு முன் தீர்ப்புச் சொல்வதில்லை. ஐயமிருந்தால் நான்கு ஆண்டுகள் வரைகூடக் கவனித்து வருவதுண்டு.

சாதாரண எக்ஸ்ரே, உதட்டுப் பக்க எலும்பையும் அண்ணப் பக்க எலும்பையும் ஒரே நிழலாகக் காட்டுவதால் சிறு குறைகள் அதில் மறைந்துபோகும். முப்பரிமாண ஸ்கேன் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டிவிடும். எனவே எக்ஸ்ரேயில் ஆறியதாகத் தெரியும் அதே இடம் ஸ்கேனில் ஆறாததாகத் தெரியலாம். அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டுக் குழி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் எழுதிய வரிக்கு மதிப்புக் குறைவு.

உங்கள் பல்லைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அந்த இடத்தில் நோய் சில வேளைகளில் இருபக்க எலும்பையும் துளைத்துச் சுரங்கம்போல் ஆகிவிடும். அப்போது எலும்புக்குப் பதிலாக நார்த்திசு புகுந்து தழும்பாக நின்றுவிடலாம். அத்தழும்பு எத்தனை ஆண்டுகளானாலும் ஸ்கேனில் கருமையாகவே தெரியும். ஆனால் அது நோயன்று. கருமையின் சாயலை மட்டும் வைத்துத் தழும்பையும் நோயையும் பிரித்தறிய முடியாது. அளவு கூடாமல், வேரைச் சுற்றி எலும்பு வந்து, கருமை சற்று விலகி நின்றால் தழும்பென்று கருத இடமுண்டு. சீழ், வீக்கம், பல் ஆட்டம் வந்தாலோ குழி பெருத்தாலோ உடனே அறுவை செய்த மருத்துவரிடம் செல்லுங்கள்.

இனி இதில் நடக்கும் வியாபாரம். பரிந்துரைப்பவருக்குக் கமிஷன் தரும் ஸ்கேன் மையங்கள் உண்டு. ஒரு பல்லுக்குச் சிறு பரப்புப் போதுமென்றிருக்க, முழுத் தாடையையும் எடுத்துக் கட்டணத்தையும் கதிர்வீச்சையும் கூட்டிவிடுகிறார்கள். அறுவை நடந்த தேதிகூடக் குறிக்காத சீட்டை வைத்து, நோயாளியைப் பார்த்தேயிராத ஒருவர் ‘தொற்று’ என்று எழுதுகிறார். அந்த ஒரு சொல்லைக் காட்டி இன்னொருவர் இம்பிளான்ட் விற்கிறார். பழைய ஸ்கேனைக் கேட்டால் ‘கணினியில் அழிந்துவிட்டது’ என்கிறார்கள். நோயாளி காசு கொடுத்து எடுத்த படத்தைக் காப்பாற்றக்கூட இங்கே ஒழுங்கான ஏற்பாடில்லை! அச்சிட்ட தாளோடு திரும்பிவிடாமல், மூலக் கோப்பைக் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள்.

பன்னிரண்டாம் மாதத்தில் முதலில் சிறு எக்ஸ்ரே ஒன்று எடுங்கள். அதில் ஐயமெழுந்தால் மட்டும், கூடுமானவரை முன்பு எடுத்த அதே கருவியிலேயே, சிறு பரப்பில் ஸ்கேன் எடுத்து, இரண்டு கோப்புகளையும் உங்களுக்கு அறுவை செய்தவரிடம் சேர்த்துக் காட்டுங்கள்.