கென்ய ஓட்ட வீராங்கனை ஃபெய்த் கிப்யேகன் பாரிஸில் மைல் ஓட்டத்தை 4:07-க்குள் முடித்தும் அது ஏன் உலக சாதனையாகவில்லை?

2025 ஜூன் 26 அன்று நடந்தது போட்டியே அல்ல, மைலை 4 நிமிடத்துக்குள் ஓட விளையாட்டுக் காலணி நிறுவனமான நைக் நடத்திய தனி முயற்சி. முன்னும் பின்னும் ஆண்கள் உட்பட 13 பேர் காற்றைத் தடுத்தபடி ஓடினார்கள். மைல் போன்ற ஓடுதளப் பந்தயங்களில் ஆண்களோடு சேர்ந்து ஓடிய நேரம் பெண்கள் சாதனையாகக் கணக்கில் வராது. அதனால் 2023-இல் மொனாக்கோவில் அவர் ஓடிய 4:07.64 உலக சாதனையாக அப்படியே நின்றது.

4 நிமிடத்தைத் தொட வேண்டுமானால் அந்த 4:07.64-இலிருந்து 7.64 விநாடி குறைய வேண்டும். மைல் என்பது 1609 மீட்டர், நான்கு சுற்றுக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 61.5 விநாடியை 59.6 ஆக்கியாக வேண்டும். முதல் சுற்றுகளில் அதை நெருங்க முடியும். பிறகு கால் கனக்கத் தொடங்கியதும் நழுவிவிடும்.

இதை வைத்து அவரை எடை போடாதீர்கள். அவருடைய களம் 1500 மீட்டர். 2016, 2021, 2024 என மூன்று ஒலிம்பிக் தங்கமும் அதில்தான். நடுவே 2018-இல் மகள் பிறந்தாள். 2023-இல் ஃப்ளாரன்ஸில் 3:49.11 ஓடி உலக சாதனை படைத்தார். அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிரிட்டிஷ் வீராங்கனை லாரா மியூருக்கு 3:57.09. இந்தத் தூரத்தில் எட்டு விநாடி இடைவெளி நம்பவே முடியாதது. பாரிஸ் முயற்சி முடிந்து ஒன்பதே நாளில், அமெரிக்காவின் யூஜீனில் முறையான 1500 மீட்டர் போட்டியில் 3:48.68 ஓடித் தன் சாதனையையே மீண்டும் முறியடித்தார்.