உள்ளங்கையில் அடங்கிய மகாராணி

கேள்வி: அரண்மனைச் சுவர் நிறைய ஓவியம் மாட்டும் வசதி இருந்தும், மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய அரசர்கள் ஏன் தீப்பெட்டி அளவில் தங்கள் முகத்தை வரையச் சொன்னார்கள்? வரைந்தவர்களுக்கு நல்ல வருமானம் கிடைத்ததா?

சுவரில் மாட்டிய படத்தை வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். இந்தச் சின்னப் படம் ஒருவர் கையில் கொடுப்பதற்காகவே வரையப்பட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன்.

1564-ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தூதராக ஜேம்ஸ் மெல்வில் லண்டன் வந்தார். முதலாம் எலிசபெத் அவரைத் தன் படுக்கையறைக்கே கூட்டிப்போய் ஒரு சிறு பெட்டியைத் திறந்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய குட்டிப் படங்கள். ஒவ்வொன்றின் மேலும் ராணியின் கையெழுத்தில் பெயர். முதலில் எடுத்ததில் 'என் பிரபுவின் படம்' என்று இருந்தது. மெல்வில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, காட்டச் சொல்லி விடாமல் கேட்டார். ராணி தயங்கித் தயங்கித்தான் காட்டினார். ராணிக்கு மிகவும் பிடித்தமானவரான லெஸ்டர் பிரபுவின் முகம்! இதை எங்கள் ராணிக்குக் கொடுங்கள் என்றதற்கு, இருப்பதே இது ஒன்றுதான் என்று மறுத்துவிட்டார். லெஸ்டரோ அப்போது அதே அறையின் மறுகோடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார். எதைக் காட்டுவது, யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதில்தான் ஒரு சின்னப் படத்தின் மதிப்பே இருந்தது. கல்யாணப் பேச்சுக்கும் இவை பயன்பட்டன. 1539-ல் எட்டாம் ஹென்றிக்குப் பார்த்த பெண்ணான ஜெர்மனியின் கிளீவ்ஸ் பகுதி இளவரசி ஆன் என்பவரை ஓவியர் ஹோல்பைன் இப்படி வரைந்திருக்கிறார்.

இந்தக் குட்டிப் படங்களை வரைந்தவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் நிக்கோலஸ் ஹில்லியார்ட். எக்ஸிட்டர் நகரத்துப் பொற்கொல்லரின் மகன். ராணியின் நகை ஆசாரியிடம் தொழில் பழகியவர். நானும் நகைப்பட்டறை வீட்டில் வளர்ந்தவன் என்பதால் அவர் வேலையைப் பார்த்தவுடனே கை புரிந்துவிட்டது. பட்டுப்போன்ற மெல்லிய கன்றுத்தோலை ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டின் மேல் ஒட்டுவார். வேலம்பிசின் கலந்த நிறங்கள், அணில் முடித் தூரிகை. கழுத்துப்பட்டியின் சரிகைப் பின்னலுக்கு ஈய வெள்ளையைத் திரளாக வைப்பார். அது மேடாக நின்று தன் நிழலைத் தானே விழவைக்கும். சிவப்புக் கல் வரைய, முதலில் வெள்ளியைப் பூசி, கீரி போன்ற ஒரு சிறு பிராணியின் பல்லால் தேய்த்து மெருகேற்றுவார். அதன் மேல் நிறம் கலந்த பிசினைச் சூடான ஊசியால் ஒரு சொட்டு வைப்பார். எங்கள் பட்டறையில் கல்லுக்கு அடியில் வெள்ளித் தகடு வைத்துப் பதிப்பார்களே, அதே சூட்சுமம். வரைகிறவர் பட்டு உடுத்த வேண்டும், தலைப்பொடுகோ எச்சிலோ படத்தில் விழக்கூடாது என்றெல்லாம் தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். ராணி முகத்தில் நிழல் வேண்டாம் என்று மரமே இல்லாத தோட்டத்து நடைபாதையில் போய் உட்கார்ந்ததையும் அதில் சொல்கிறார்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவற்றை மங்கலான வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடியில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து பார்த்தேன். முத்துகளின் நடுவில் கறுப்புப் புள்ளிகள்! ஒரு காலத்தில் பளபளத்த வெள்ளி அது, நானூறு வருடத்தில் கறுத்துவிட்டது. கன்னங்களின் சிவப்பும் பல படங்களில் வெளிறிப் போயிருக்கிறது. அவர் வரைந்தபோது அந்த முகங்கள் இவ்வளவு சோகையாக இல்லை.

சரி, வருமானத்துக்கு வருவோம். ஹில்லியார்ட் ராணியை முதன்முதலில் வரைந்து இன்று நம்மிடம் இருக்கும் படத்தின் வருடம் 1572. ராணி 1591-ல் 400 பவுண்டு பரிசு கொடுத்தார். ஆனால் வருடத்துக்கு 40 பவுண்டு என்று நிலையான சம்பளம் கிடைத்தது 1599-ல்தான். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஏனென்றால் அதே 40 பவுண்டை எட்டாம் ஹென்றி 1546-லேயே லெவினா டீர்லிங்க் என்ற பெல்ஜியப் பகுதிப் பெண் ஓவியருக்குக் கொடுத்திருந்தார். இடைப்பட்ட 50 வருடத்தில் விலைவாசி எங்கேயோ போயிருந்தது. ராணி நிலமும் பதவியும் கொடுக்க வேண்டிய இடத்தில் தன் படத்தைக் கொடுத்தே பிரபுக்களைக் கட்டிவைக்க முடிந்தது; அவர்களும் அதைத் தங்கத்தில் பதித்து மார்பில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கௌரவத்தைத் தன் கையால் செய்துகொடுத்தவரோ கடனோடு மல்லுக்கட்டினார்.

எலிசபெத்துக்கு அப்புறம் வந்த முதலாம் ஜேம்ஸ், 1617-ல் அரச முகத்தை வரைந்து விற்கும் உரிமையை 12 வருடத்துக்கு ஹில்லியார்டுக்கு மட்டும் எழுதிக்கொடுத்தார். அதே வருடம் ஹில்லியார்ட் இன்னொருவர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் நின்று, எழுபது வயதை ஒட்டி, லண்டனின் லட்கேட் சிறையில் கொஞ்ச நாள் கிடந்தார். 1619 ஜனவரியில் அவரை செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.